துரையின் செக்ரோலும் பொலிஸாரின் கோவையும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டன் பக்கத்தில் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்கை எஃப்.பி.ஐ. வேவு பார்த்ததாகப் படிக்கிறோம். நமது மலையகத் தலைவர்களையும் அரசாங்கம் அப்படி வேவு பார்த்ததா? பார்த்திருந்தால் அதற்கு என்ன ஆதாரம்?”

பார்த்தது. வெள்ளைக்கார ஆட்சியும் பார்த்தது. அதன் பின் வந்த சுதேச ஆட்சியும் பார்த்தது. ஆனால் மலையகத்தில் அந்த வேலையின் பெரும்பகுதியைப் பொலிஸார் செய்ய வேண்டியிருக்கவில்லை. தோட்டமே அதைச் செய்துகொண்டிருந்தது. இந்த வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டால்தான் நமது கதை விளங்கும்.

அமெரிக்காவில் நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிங்கின் நெருங்கிய ஆலோசகரான ஸ்டான்லி லெவிசனுக்குக் கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு உண்டு என்ற சந்தேகத்தில் 1962இல் அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்கத் தொடங்கிய எஃப்.பி.ஐ., 1963 ஒக்டோபரில் அப்போதைய சட்டமா அதிபர் ரொபர்ட் கென்னடியின் ஒப்புதலோடு கிங்கின் தொலைபேசியையே ஒட்டுக்கேட்க ஆரம்பித்தது. பிறகு அவர் தங்கிய ஹோட்டல் அறைகளிலும் ஒலிவாங்கிகள் மறைத்து வைக்கப்பட்டன. 1964 நவம்பரில், அந்த நிறுவனத்தின் தலைவர் ஜே. எட்கர் ஹூவர் கிங்கைப் பெரும் பொய்யர் என்று பகிரங்கமாக ஏசிய அதே மாதத்தில், அவருடைய அந்தரங்கத்தை அம்பலப்படுத்தப்போவதாக மிரட்டும் பெயரற்ற கடிதம் ஒன்று ஒலிநாடாவுடன் அனுப்பப்பட்டது. உயிரை மாய்த்துக்கொள் என்று தூண்டும் கடிதமாகவே கிங் அதைப் புரிந்துகொண்டார். இயக்கத்துக்கு உள்ளேயும் ஆட்கள் இருந்தார்கள். 1968இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற ஏர்னஸ்ட் விதர்ஸ் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்து வந்தவர் என்பது 2010இல்தான் வெளியே வந்தது. ஆனாலும் அந்த நாட்டில் இரகசிய ஆவணக் கோவைகள் திறக்கப்பட்டன. 1971 மார்ச் 8ஆம் திகதி இரவு பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் சில குடிமக்கள் புகுந்து ஆவணங்களை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். 1975இல் செனட் சபை சேர்ச் குழுவை அமைத்து விசாரித்தது. கிங் வேவு பார்க்கப்பட்டார் என்று நாம் இன்று ஐயமின்றிச் சொல்வது இவற்றால்தான்.

இனி நமது ஊருக்கு வருவோம். கிங்கின் வீட்டுக்குள் நுழைய அரசாங்கத்துக்குக் கம்பியும் ஒலிவாங்கியும் தேவைப்பட்டன. லயம் எனப்படும் தோட்ட வரிசை வீட்டில் வாழ்ந்தவருக்கு அந்தச் சிரமம் கொடுக்கப்படவில்லை, ஏனென்றால் வீடே முதலாளியினுடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராக்கள் முதுகோடு முதுகாக ஒட்டியிருந்த வரிசையில், வெளியார் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அது பொழுது சாய்வதற்குள் மேற்பார்வையாளரான கங்காணியின் காதுக்குப் போய்விடும். விடியற்காலையில் தப்புப் பறையின் சத்தம் கேட்டு, ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கூடியவுடன் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். வராதவர் யார், ஏன் வரவில்லை, நேற்று எங்கே போயிருந்தார் என்பது அங்கேயே பேசப்படும். கூலியைக் கணக்கிடுவதற்காக வைக்கப்பட்ட வரவுப் பதிவேடான செக்ரோல், ஆள் நடமாட்டத்தைக் காட்டும் நாளேடாகவும் இருந்தது. பிறப்பு, இறப்பு, கடன், அரிசிப் பங்கு, வேறு தோட்டத்திலிருந்து வந்த உறவினர் என்று ஒரு குடும்பத்தைப் பற்றி அறிய வேண்டியவை எல்லாம் ஒரே ஒபிஸில் இருந்தன.

தபாலையும் சொல்ல வேண்டும். லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. தபால்காரன் டவுனிலிருந்து தோல்பையில் கொண்டுவரும் கடிதங்கள் முதலில் தோட்ட ஒபிஸுக்குப் போய், அங்கு தரம் பிரிக்கப்பட்ட பின்னரே உரியவர் கைக்கு வரும். தொழிற்சங்க அலுவலகத்தின் முத்திரை குத்திய உறை ஒருவருக்கு மாதம் இருமுறை வந்தால், அதைப் பிரித்துப் படிக்க வேண்டிய தேவையே தோட்ட அதிகாரியான துரைக்கு இல்லை. தோட்டக் குடும்பங்களுக்குத் தனித்தனி முகவரி வேண்டும் என்ற கோரிக்கை இந்த நூற்றாண்டிலும் எழுப்பப்பட்டது என்றால், இந்த ஏற்பாடு எவ்வளவு காலம் நீடித்தது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டுக்குச் சட்டமும் துணைநின்றது. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். கடன் தொகை எழுதப்பட்ட துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்துப் போராடியதும், இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் 1921இல் சிறைத் தண்டனையையும் துண்டு முறையையும் சட்டப்படி ஒழித்தன. அதற்குப் பிறகும் மீறிப் பேசியவருக்குப் பற்றுச்சீட்டு எனப்படும் வேலைநீக்கச் சீட்டு காத்திருந்தது. பற்றுச்சீட்டு வாங்கியவர் வேலையை மட்டுமன்றி வீட்டையும் இழந்தார். லயத்தை விட்டுப் போகாவிட்டால் அத்துமீறிப் பிரவேசித்ததாக நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. தன் சொந்த அடுப்படியில் உட்கார்ந்திருந்தவரைக் குற்றவாளியாக்கிய இந்த வழக்குகளில் ஒன்று அக்காலத்து இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1950இல் தீர்ப்பளிக்கப்பட்ட செல்வநாயகம் வழக்கு அதுதான். இவர் தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா அல்லர். ஒரு தோட்டத் தொழிலாளி. தங்கியிருக்கத் தமக்கு உரிமை உண்டு என்று மெய்யாகவே நம்பி வீட்டில் இருந்தவர், எரிச்சலூட்டும் நோக்கத்தோடு அங்கிருந்தார் என்று கொள்ள முடியாது எனப் பிரிவி கவுன்சில் கூறி அவருக்கு எதிரான தீர்ப்பை நீக்கியது.

வெளியிலிருந்து வரும் தலைவர்களை எதிர்கொண்டதும் இந்த வேலிதான். தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி உள்ளே காலடி வைப்பது குற்றம். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் முதன்முதலில் தோட்டங்களுக்குள் போனது புடவை வியாபாரியின் வேடத்தில். தோட்டத்துக்குள் தடையின்றி நடமாட முடிந்த வெளியார் புடவைக்காரர்தான் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். பின்னர் 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகளை நடத்தி, சட்டநிரூபண சபைக்கும் தெரிவாகி, தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து கொழும்பில் தொழிற்சங்கப் பணி செய்து, அவரோடு முரண்பட்டுப் பிரிந்து, 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை, அச்சடித்த பாட்டுகளைக் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். நடேசய்யரைப் பற்றிக் குற்றப் புலனாய்வுப் பொலிஸார் அறிக்கைகள் எழுதினார்கள். தோட்டத்துரைமார் அரசாங்கத்துக்கு முறைப்பாடு செய்தார்கள். அவரை இந்தியாவுக்கு நாடு கடத்தலாமா என்றும் ஆலோசிக்கப்பட்டது. தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்த குமாரி ஜயவர்தன போன்றோர் அக்காலத்துத் தொழிற்சங்க நடவடிக்கைகளை மீட்டெடுக்க இத்தகைய பொலிஸ் அறிக்கைகளையே பெரிதும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வேவு பார்த்தவர்கள் எழுதி வைக்காதிருந்தால் அந்தப் பேச்சுகள் பலவற்றை நாம் இழந்திருப்போம்.

தோட்டங்கள் மூடிக் கிடந்தமையால் கூட்டங்கள் எல்லாம் டவுனுக்கு வந்தன. ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, பதுளை ஆகிய இடங்களில் கூடுவதற்குத் திறந்தவெளி இருந்தது. யாருடைய அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால் பொலிஸாருக்கும் வேலை எளிதாயிற்று. நூறு தோட்டங்களுக்குள் தேடித் திரிய வேண்டிய பேச்சாளர்கள், அறிவித்த நேரத்தில் அறிவித்த மேடையில் ஏறினார்கள். குறிப்பெடுப்பவர்கள் முன்வரிசையில் நின்றால் போதுமாயிருந்தது.

இதை ஒரே நிகழ்ச்சியில் முழுமையாகக் காண வேண்டுமானால் 1937 ஏப்ரலில் நடந்ததைப் பார்க்க வேண்டும். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் இங்கு வந்து, மடுல்கல பகுதியில் ரெலுகஸ் தோட்டத்தில் சின்னதுரையாக, அதாவது உதவித் தோட்ட அதிகாரியாக, பயிற்சி பெற்றார். தொழிலாளரோடு நெருங்கிப் பழகியதும் அவர்கள் பக்கம் பேசியதும் பெரியதுரைக்குப் பொறுக்கவில்லை, வேலை போயிற்று. அவர் கொழும்புக்குப் போய் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட கூட்டத்தில் சுமார் 2,000 தோட்டத் தொழிலாளர்கள் கூடியிருந்தார்கள். மேடையில் ஒரு வெள்ளைக்காரத் தோழர் எழுந்து, துரைமார் செய்வதெல்லாம் எனக்குத் தெரியும், தொழிலாளர் சட்டத்தை மீற அவர்களை விடாதீர்கள் என்ற பாணியில் பேசினார். அந்தக் கூட்டத்தைக் கவனித்து எழுதப்பட்ட குறிப்பொன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவருடைய முகபாவமும் நின்ற விதமும் மிரட்டலாக இருந்தன என்றும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொழிலாளர்கள் “சாமி, சாமி” என்று கூவினார்கள் என்றும், இனி நாம் எதையும் பேசாமல் சகித்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்று கூட்டத்தில் சிலர் தமக்குள் சொல்லிக்கொண்டதும் காதில் விழுந்தது என்றும் அதில் இருக்கிறது. கடைசிச் செய்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மேடையில் இருப்பவர் சொன்னதைக் குறித்துக்கொள்ள ஆங்கிலம் போதும். கூட்டத்துக்குள் பக்கத்தில் நிற்பவர்கள் முணுமுணுத்ததைக் குறிக்க, தமிழ் தெரிந்த காது ஒன்று அவர்களோடு ஒருவராக நின்றிருக்க வேண்டும்.

பேசி மூன்று வாரம் முடிவதற்குள் ஆளுநர் சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் கையெழுத்திட்ட நாடு கடத்தல் கட்டளை பிரேஸ்கேர்டிலுக்குக் கொடுக்கப்பட்டது. ஏப்ரல் 22ஆம் திகதி கொடுத்த கட்டளையில், 24ஆம் திகதி மாலைக்குள் கப்பலேற வேண்டும் என்று இருந்தது. அவர் தலைமறைவானார். மே தின ஊர்வலத்தில் “பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடு கடத்து” என்ற கோஷம் எழுந்தது. மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் கூடிய பெருங்கூட்டத்தின் மேடையில் அவரே தோன்றினார். சுற்றி நின்ற பொலிஸார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கொணர்வு மனு பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவசர நிலைக்கென 1896இல் வகுக்கப்பட்ட அதிகாரத்தைச் சாதாரண காலத்தில் ஒருவர் பேசியதற்காகப் பயன்படுத்த முடியாது என்று மே 18ஆம் திகதி தீர்ப்பாயிற்று.

அந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டளை பிறப்பிக்கப்படும் முன்னர் பொலிஸ் மாஅதிபர் பேங்ஸ், உள்துறை அமைச்சராக இருந்த சேர் டி. பி. ஜயதிலக்கவிடம் கேட்டாரா இல்லையா என்பதே அரசாங்க சபையில் பெரும் சண்டையாயிற்று. கேட்டேன் என்றார் ஒருவர். இல்லை என்றார் மற்றவர். இந்த ஜயதிலக்க 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் பிரித்தானியர் சிறையில் அடைத்த தலைவர்களுள் ஒருவர். கண்காணிப்பின் மறுபக்கத்தை அறிந்திருந்த ஒருவரின் அமைச்சின் கீழேயே இது நடந்தது. ஆணைக்குழு விசாரணையும் அதனால்தான் வந்தது. பொலிஸ் திணைக்களத்துக்கும் அமைச்சருக்கும் ஆளுநருக்கும் இடையில் என்ன ஓடியது என்பது ஓரளவு பகிரங்கத்துக்கு வந்தது. சேர்ச் குழுவுக்கு மிக அருகில் நாம் போனது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஒரு வெள்ளைக்காரருக்காக என்பதை மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து வந்த கங்காணி மகன் ஒருவருக்கு அதே கட்டளை கொடுக்கப்பட்டிருந்தால் காலிமுகத்திடல் நிரம்பியிருக்குமா என்பது ஐயமே.

மூன்றாண்டுகளில் அந்த ஐயத்துக்கு விடையும் கிடைத்தது. ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூனில், போர்க்காலப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி, அந்த வேலைநிறுத்த அலையில் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்ற என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய சமசமாஜத் தலைவர்கள் பிடித்து அடைக்கப்பட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் கருவிகள் மாறின. 1939இல் நேருவின் வருகையோடு தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரஸ், 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர், 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் திருமணமானவராயின் ஏழாண்டுகளும், மணமாகாதவராயின் பத்தாண்டுகளும் இடைவிடாமல் இங்கு வசித்ததை நிரூபிக்க வேண்டும். பாட்டனைப் பார்க்க ஊருக்குப் போனது எப்போது, திரும்பியது எப்போது, குழந்தை பிறந்தது எங்கே என்று குடும்பம் குடும்பமாக அதிகாரிகள் விசாரித்தார்கள். ஒரு முழுச் சமூகமும் தன் வாழ்க்கையை அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். அந்த நிலையில் தோட்டத் தலைவராகத் துணிந்து முன்வருபவருக்கு மிரட்டல் கடிதம் தேவையில்லை. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிடக்கும் விண்ணப்பமே போதும். 1952இல் சௌமியமூர்த்தி தொண்டமான் முதலியோர் பிரதமர் அலுவலகத்தின் முன் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது இதன் பொருட்டுத்தான். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்ட பிறகு, கடவுச்சீட்டு வாங்கியும் போகாமல் தங்கியவர்களை பொலிஸார் தேடி வந்ததை லயங்களில் இருந்த முதியவர்கள் நன்கு அறிவார்கள்.

தோட்டத்துக்குள் நுழையும் உரிமை தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்குச் சட்டத்தால் கிடைத்தது 1970இல்தான். அவ்வாண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அது. நடேசய்யர் புடவை மூட்டையோடு போனதற்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

ஒன்பது ஆண்டுகளில் வேறொன்று வந்தது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், மூன்றாண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் கட்டளையால் ஒருவரை மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றும், பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியாக ஏற்கலாம் என்றும் அது சொன்னது. 2022 திருத்தம் அந்தக் காலத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. மலையக மக்கள் முன்னணியை 1989இல் நிறுவிய பெரியசாமி சந்திரசேகரன் 1990களின் தொடக்கத்தில் இச்சட்டத்தின் கீழ்தான் அடைக்கப்பட்டார். 1994 தேர்தலில் அவர் நுவரெலியாவில் வென்ற ஓர் ஆசனமே சந்திரிகா குமாரதுங்கவின் அணிக்குப் பாராளுமன்றப் பெரும்பான்மையைக் கொடுத்தது என்பது பலருக்கும் தெரியும். சந்திரசேகரனின் தலைமையை ஏற்ற இளைஞர் பலர் அக்காலத்தில் அடையாள அட்டை இல்லாத காரணத்தாலேயே சோதனைச் சாவடிகளில் நிறுத்தப்பட்டதும் அதே கதையின் பகுதிதான். குடியுரிமைச் சிக்கல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதால் அட்டை இல்லை. அட்டை இல்லாததால் சந்தேகம்.

இனி ஆதாரம் எங்கே என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. பிரித்தானியர் காலத்துக்கு வழி இருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், லண்டன் கியூ சுவடிகள் காப்பகத்தில் சீ.ஓ. 54 என்ற வரிசையிலும் ஆளுநர்களின் கடிதப் போக்குவரத்து இருக்கிறது. சட்டநிரூபண சபை, அரசாங்க சபை ஆகியவற்றின் விவாதப் பதிவான ஹன்சார்ட்டையும், 1938இல் வெளியான பிரேஸ்கேர்டில் ஆணைக்குழு அறிக்கையையும் அவற்றோடு சேர்த்துப் படியுங்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை முயன்று பார்க்கலாம். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க ஐந்தாம் பிரிவு இடம் கொடுக்கிறது, ஆனால் பொதுநலன் மேலோங்குமாயின் தகவலைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு விட்டுவிடாமல் முதலில் அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யுங்கள்.

பழைய அறிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பேரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஊரையும் தோட்டத்தையும் குழப்பியிருப்பார்கள். தமிழில் பேசியதை ஆங்கிலத்தில் சுருக்கியவர், மேலதிகாரிக்கு எது பிடிக்கும் என்று அறிந்தே சுருக்கியிருப்பார். எனவே ஒரு பேச்சாளர் “வன்முறையைத் தூண்டினார்” என்று எழுதியிருந்தால், அதே வாரத்துத் தமிழ்ப் பத்திரிகையில் அந்தக் கூட்டத்தைப் பற்றிய செய்தியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்திலிருந்து எழுதத் தொடங்கலாம்.